செருப்பு எதுவரை வரும்?

ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. இடது கை சுவரைப் பிடித்திருந்தது. வலது கையில் அப்போதுதான் கழற்றிய ஷூ. மைசூரில் வெளிவட்டச் சாலையைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் ஓர் அறை வீட்டின் வாசல் அது. கழற்றிவிட்டு உள்ளே வா என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. கால் தன்பாட்டுக்குக் கழற்றிக்கொண்டிருந்தது. ஆறு வருடமாகக் குழந்தைகளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு, ஒரு வீட்டுக்குள் நுழைவதன் முதல் காரியம் இதுதான் என்பது அந்த நிமிடம் வரை தொழில் சம்பந்தப்பட்ட விஷயமாகத் தோன்றியதே இல்லை.

இந்த மாதம் எங்கள் குழந்தைகள் இயன்முறை மருத்துவ மையத்தில் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவங்கள் என்றால் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது, தெரியும். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் முப்பது வருடம் காத்திருந்து சொன்னால் நான் சறுக்கிய அதே இடத்தில் நீங்களும் சறுக்கி எழுந்து முடித்திருப்பீர்கள். அதனால் இப்போதே. எந்தத் தசையை எப்படி நீட்டுவது, எத்தனை தடவை என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தொடப்போவதில்லை.

அந்த வீடு பவித்ராவின் வீடு. பவி. அப்போது வயது ஐந்தரை. குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு கால்களிலும் இறுக்கம். குதிகால் தரையில் பதியாது, நுனிக்காலில்தான் நிற்பாள். கைகளும் வாயும் நன்றாக வேலை செய்யும், குறிப்பாக வாய். அப்பா கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தையல். எல்லைப் பக்கத்துக் கௌதள்ளிக்காரர்கள், வீட்டில் தமிழ். பிள்ளையின் சிகிச்சைக்காகவே ஊரை விட்டு மைசூருக்கு வந்து வாடகைக்கு இருக்கிறார்கள்.

ஜனவரியில் அவள் எங்களிடம் வந்தபோது முன்னால் இருந்தது ஒரே ஒரு கெடு. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வீட்டுக்கு அருகில் இருக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: “பிள்ளையைத் தூக்க என்னிடம் ஆள் இல்லை. கேட்டிலிருந்து வகுப்பு வரைக்கும் வாக்கரைப் பிடித்துக்கொண்டாவது தானாக வந்து உட்கார்ந்தால் சேர்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் வீட்டுக்கு டீச்சரை அனுப்பச் சொல்லி எழுதித் தருகிறேன்.” வாரத்தில் ஒரு நாள் டீச்சர் வீட்டுக்கு வருவது ஒரு வழிதான். ஆனால் பவிக்கு வேண்டியது டீச்சர் இல்லை, பிள்ளைகள். சந்தில் மற்ற பிள்ளைகள் பை மாட்டிப் போவதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாளாம்.

எலும்பு மருத்துவர் இரண்டு காலுக்கும் ஸ்பிளிண்ட் எழுதினார். பாதத்தையும் கெண்டைக்காலையும் சேர்த்துப் பிடித்து, குதிகாலைக் கீழே வைத்திருக்கும் பிளாஸ்டிக் கூடு. அதன் அடி வழுக்கும் என்பதால் மேலே ஒரு ஷூ போட்டால்தான் நடக்க முடியும். நாள் முழுக்கப் போட வேண்டும், வீட்டிலும் போட வேண்டும் என்று நான் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். அம்மா மூன்று தடவை தலையாட்டினார்.

பயிற்சி நடக்கும் எங்கள் மெத்தை அறையில் பவி பிரமாதமாக நடந்தாள். பிப்ரவரியில் எட்டு அடி, மார்ச்சில் இருபது. அதோடு இன்னொரு சாதனையும் செய்தாள். ஸ்பிளிண்டின் வெல்க்ரோ பட்டைகளைத் தானே குனிந்து கழற்றப் பழகினாள். உட்கார்ந்த நிலையில் குனிந்து, விழாமல், இரண்டு கையையும் பயன்படுத்தி, சர்ர்ர் என்று ஒரே இழுப்பு. நான் கை தட்டினேன். அறையில் இருந்த எல்லோரையும் தட்ட வைத்தேன். வீடியோ எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினேன். இந்தக் கைதட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் அளந்து பார்த்தால் கணுக்கால் ஜனவரியைவிட மோசம். குதிகால் இன்னும் மேலே ஏறியிருந்தது. இப்படியே போனால் மாவுக்கட்டு போட்டு வாரக்கணக்கில் நீட்ட வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். மாவுக்கட்டு என்றால் ஜூன் போச்சு.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி பயம் என்று இப்போது தெரிகிறது. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“பவி அம்மா, நிஜம் சொல்லுங்க. வீட்ல ஸ்பிளிண்ட் போடறீங்களா, இல்லையா?”

“போட்டுத்தானுங்க உடறன்.”

“நோடி, பாருங்க, போட்டிருந்தா கால் இப்பிடி ஆகாது. சாதாரணமா ஒரு மாசத்துல...”

“தெனமும் காலைல போட்டு உடறனுங்க மேடம். பொய் சொல்லி எனக்கென்னங்க ஆவப்போவுது?”

மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பவியின் சிகிச்சைக் கோப்பை எடுத்து அவர் கண் முன்னாலேயே எழுதினேன்: வீட்டில் ஒத்துழைப்பு இல்லை.

மூன்று சொல். ஆறு வருடத்தில் இதை எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மத்தியானம் பட்டை மாற்றுவதற்காக பவியின் ஷூவையும் ஸ்பிளிண்டையும் எங்கள் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஸ்பிளிண்ட் செய்பவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கன்னடத்தில்தான் பேசுவார். கிண்டல் செய்யாமல் பேசவே மாட்டார். ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“என்ன மேடம், புது ஷூவைக் கொண்டுவந்து பழசுன்னு சொல்றீங்க?”

“மூணு மாசம் ஆச்சு.”

“மூணு மாசமா? அளவு ஒட்டின ஸ்டிக்கர்கூட உரியலையே. உங்க பேஷன்ட் நடக்கறாளா, பறக்கறாளா?”

பார்த்தேன். உள்ளங்காலின் நடுவில் அளவு ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. ரப்பரின் ஓரத்தில்கூடத் தேய்மானம் இல்லை. உடனே நான் போட்ட கணக்கு: அம்மா பொய் சொல்கிறார், இதோ சாட்சி. வேறு எந்தக் கணக்கும் என் மண்டையில் ஓடவில்லை. சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

சந்து முனையில் கூட்ஸ் ஆட்டோ நின்றது. அப்போதுதான் எங்கேயோ போய்விட்டு வந்திருந்தார்கள். அப்பா பவியை இறக்கி வாக்கரைப் பிடிக்க வைத்தார். அவள் காலில் ஸ்பிளிண்ட். அதன்மேல் ஷூ. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“அக்கா!” என்று கத்திக்கொண்டே நாலு அடி வைத்தாள். ஆட்டோவிலிருந்து வீட்டு வாசலுக்கு மொத்தமே நாலு அடிதான். படியில் உட்கார்ந்தாள். சர்ர்ர். சர்ர்ர். ஷூவோடு சேர்த்து இரண்டு கூட்டையும் உருவினாள். சுவர் ஓரமாக ஜோடி சேர்த்து, நுனி வெளியே பார்க்கும்படி நேராக வைத்தாள். கையை ஊன்றி, முழங்காலில் மின்னல் வேகத்தில் தவழ்ந்து உள்ளே போய்விட்டாள்.

அப்போது நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே இருந்து தலை எட்டிப் பார்த்தது. “அக்கா, உங்க ஷூ கோணலா கெடக்குது. நேரா வையுங்க.”

வைத்தேன்.

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்டேன், இந்த முறை குரல் எனக்கே கேட்காத மாதிரி: “தினமும் இப்பிடித்தானா?”

“ஆமாங்க. காலைல போட்டு உடறன். வெளிய போறப்ப இருக்கும். வாசப்படி வந்துட்டா அவளே களட்டிர்றா.”

“நீங்க தடுக்கலையா?”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க? கை தட்டி வீடியோ வேற அனுப்புனீங்க. களட்டறதுதான் பயிற்சின்னு நெனச்சு நானும் தெனமும் கை தட்டிட்டிருக்கறன்.”

எங்கள் மெத்தை அறைக் கதவில் கன்னடத்தில் ஒரு பலகை தொங்குகிறதே, பாதரட்சைகளை வெளியே விடவும் என்று, கவனித்திருப்பீர்கள். பவிக்கு இன்னும் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கதவில் நாங்கள் எல்லோரும் கழற்றுவதை மூன்று மாதம் பார்த்திருக்கிறாள். அவளும் கழற்றுவாள், நான் உள்ளே தூக்கிப் போய் மெத்தைமேல் உட்கார வைத்து மறுபடி மாட்டுவேன். மாட்டுவது அக்காவின் வேலை, அக்காவின் அறையில் மட்டும். கழற்றுவது தன் வேலை, உலகத்தின் எல்லா வாசலிலும். பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. நாம் காட்டியதை அப்படியே கற்றிருந்தாள்.

இதற்குள் புரிந்துவிட்டதல்லவா, இனி சரியாகச் செய்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. உடனே அடுத்த தப்பைச் செய்தேன். ஸ்பிளிண்டையும் ஷூவையும் உள்ளே எடுத்துவரச் சொல்லி, ஈரத் துணியால் துடைத்து, அவள் காலில் மாட்டினேன்.

“இனிமே வீட்டுக்குள்ளயும் இதுதான் பவி. வா, ஜன்னல் வரைக்கும்.”

அந்த வீட்டில் ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, ஜன்னல் பக்கம் தையல் மிஷின், அதற்கு மேலே பலகையில் சாமி படம். பவி அசையவில்லை. எங்கள் அறையில் ஒரு ஸ்டிக்கருக்காக இருபது அடி நடக்கிறவள், கவுனை இழுத்து ஷூவை மூடிக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லாமல் கண்ணீர் வந்தது.

“சாமி பாக்குது அக்கா.”

என் கையில் இரண்டு வழி இருந்தது. மருத்துவரின் சீட்டு என் பக்கம், ஜூன் என் பக்கம். கொஞ்சம் அழட்டும், நாலு நாளில் பழகிவிடும் என்று அம்மாவிடம் சொல்லலாம். அவர் செய்வார். ஏற்கெனவே ஒரு தடவை நான் சொன்னதை அப்படியே செய்தவர்தானே. அதை நினைத்தபோதுதான் கை தானாக வெல்க்ரோவுக்குப் போனது. கழற்றிவிட்டேன். பவி மூச்சு விட்டாள்.

கிளம்பும்போது அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கோப்பில் எழுதியதை அடித்துவிடுகிறேன் என்றேன்.

“உடுங்க மேடம். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். படிச்சவங்க கை தட்டறாங்க, சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டன்.” பிறகு லேசாகச் சிரித்தார். “உங்க தமிழு வேற பாதி கன்னடமுங்க. வெளங்காததைக் கேக்கவும் கூச்சமா இருக்கும்.”

திங்கட்கிழமை பட்டறையில் கதையைச் சொன்னேன். ஸ்பிளிண்ட் செய்பவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

“இத்தனை வருஷமா ஷூவுக்குள்ள போற மாதிரியேதான் செஞ்சு குடுக்கறேன். என் வீட்டுக்குள்ள நான் ஷூவோட போனா என் பொண்டாட்டி என்னைத் தெருவுல படுக்க வெச்சிருவா. ஒரு தடவைகூட இதை யோசிக்கலையே மேடம்.”

“ஷூ இல்லாம நடக்க முடியுமா?”

“அடியில நேரா ரப்பர் ஒட்டிடலாம். வழுக்காது. வெளிய போறப்ப அதுக்கு மேலயே கொஞ்சம் பெரிய ஷூ. உள்ள வந்தா ஷூவை மட்டும் கழட்டட்டும், கூடு காலோடயே இருக்கும்.” யோசித்தார். “ஆனா அது செருப்பு இல்லன்னு உங்க பேஷன்ட் ஒத்துக்கணும். அது என் பட்டறைல ஆகற காரியம் இல்ல.”

புதன்கிழமை சாயங்காலம் ரப்பர் ஒட்டிய கூடுகளோடு போனேன். பவி வாங்கி, திருப்பி, அடியைத் தடவிப் பார்த்தாள்.

“இது செருப்பு.”

“செருப்பு இல்ல பவி, இது உன் கால் மாதிரி.”

“காலுக்கு ரப்பர் இருக்காது.”

அம்மா கூடுகளை வாங்கிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தார். பவியின் கவுன் தைத்த மஞ்சள் துணியில் மிச்சம் இருந்தது. அரை மணி நேரத்தில் இரண்டு கூட்டுக்கும் மேலுறை தைத்துவிட்டார். அப்பா வெளியே கை கழுவிவிட்டு வந்து, அவற்றை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் தொட்டு வைத்தார்.

“பாரு கண்ணு, ஆயுத பூஜைக்கு நம்ம வண்டிக்கு வெக்கறமில்ல? அதே மாதிரிதான் இதும்.”

பவி விடவில்லை. “வண்டி வெளியதான நிக்குது?”

அப்பா மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார்: “மிஷினுக்கும்தான் பொட்டு வெக்கறம். மிஷினு எங்கடி இருக்குது?”

பவி மிஷினைப் பார்த்தாள். சாமி படத்துக்கு நேர் கீழே, மிதிக்கும் பலகையோடு நின்றது.

“மிஷினுக்கும் கால் இருக்குது,” என்றாள் கடைசியில். காலை நீட்டினாள்.

அன்று மிஷினிலிருந்து அடுப்பு வரை போனாள். ஏழு அடி. தோசைக் கரண்டியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். எங்கள் அறையில் அவள் நடந்த எந்த இருபது அடியும் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை.

ஆறு வாரம். காலை முதல் இரவு வரை கூடு காலில் இருந்தது. குதிகால் இறங்கியது. மாவுக்கட்டுப் பேச்சை மருத்துவர் எடுக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று நானும் போனேன். கேட்டில் அப்பா இறக்கிவிட்டார். தலைமை ஆசிரியை வராந்தாவில் கைகட்டி நின்றார். பவி வாக்கரைத் தள்ளிக்கொண்டு மைதானத்தைக் கடந்தாள். கூடு, அதன்மேல் பெரிய ஷூ. இரண்டு இடத்தில் நின்றாள், மறுபடி நடந்தாள். வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டாள்.

அங்கே நின்றாள்.

வகுப்புக்கு வெளியே சுவர் ஓரமாக முப்பது ஜோடி செருப்பு. எல்லாப் பிள்ளைகளும் வெறுங்காலோடு உள்ளே இருந்தார்கள். கேட்டிலிருந்து வகுப்பு வரை என்று நான் தூரத்தை அளந்து, வெயிலை யோசித்து, மண் தரையில் பழக்கி, எல்லாம் செய்திருந்தேன். வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஓர் உயரமான இடம் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. அவள் வீட்டில் படி இருக்கிறது. இங்கே சமதரை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். தரையிலிருந்து எழ அவளுக்கு எப்போதும் நான் அக்குளில் கை கொடுப்பேன். ஆமாம், ஒரு வாசலால் ஒருமுறை அடி வாங்கியவள், அடுத்த வாசலையும் மறந்திருந்தேன்.

தூக்க ஆள் இல்லை என்று சொன்னவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அம்மா.

“இருங்க மேடம்.”

“அவளால எழ முடியாது.”

“இருங்களேன்.”

பவி வாக்கரின் கம்பி வழியாகக் கையை இறக்கி இறக்கித் தரையில் உட்கார்ந்தாள். சர்ர்ர். ஷூவைக் கழற்றி வரிசையில் வைத்தாள். பக்கத்தில் கோணலாகக் கிடந்த யாருடையதோ செருப்பையும் நேராக வைத்தாள். உள்ளே பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மணி அடித்தது. அவள் திரும்பி முழங்காலில் வந்தாள். ஒரு பாதத்தை முன்னால் ஊன்றினாள், வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். அந்தக் கறுப்பு ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டது. வாக்கரின் கம்பியை இழுத்தாள். இடுப்பு மேலே வந்தது, ஆடியது, நின்றது. மஞ்சள் உறையோடு உள்ளே போய், முதல் பெஞ்சில் இருந்த ஒருத்தியைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

வாக்கரைப் பிடித்து எழுவதை வீட்டில் அம்மாதான் பழக்கியிருக்கிறார். “நீங்க எந்நேரமும் கூட இருக்க மாட்டீங்களே,” என்றார்.

தலைமை ஆசிரியை எங்களிடம் வந்தார். “நாளெயிந்த ஹத்து நிமிஷ முஞ்சே பர்லி,” என்றார். நாளையிலிருந்து பத்து நிமிடம் முன்னதாக வரட்டும். அவ்வளவுதான். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் எதைத் துடைத்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இப்போது எங்கள் மையத்தில் புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் எதற்கும் முன்னால் நான் கேட்கும் கேள்வி, உங்கள் வீட்டில் செருப்பு எதுவரை வரும் என்பது. சிலர் வாசல்படி என்பார்கள், சிலர் ஹால்வரை, சிலர் அடுப்பங்கரை மட்டும் கூடாது என்பார்கள். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் பட்டறைக்குச் சீட்டு எழுத வேண்டும். மெத்தை அறைக் கதவின் பலகையை எடுக்கவில்லை. அதன் கீழே ஒரு தாழ்ந்த பெஞ்சு போட்டிருக்கிறோம். அங்கே கழற்றுவதும் மாட்டுவதும் பிள்ளையே செய்யட்டும். அவசரப்பட்டுத் தூக்கிவிடாதீர்கள். பவியின் கோப்பில் அந்த மூன்று சொல்லை அடித்திருக்கிறேன், அழிக்கவில்லை. போய்ப் பாருங்கள்.

போன வாரம் பவி ஒரு கேள்வி கேட்டாள். தீபாவளி விடுமுறையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோயிலுக்குப் போகிறார்களாம்.

“அங்க இதும் போடக் கூடாதில்ல அக்கா? அங்க வெறுங்காலுதான?”

“மிஷினுக்குப் பொட்டு வெச்ச மாதிரி...” என்று ஆரம்பித்தேன்.

“அது வீட்டுச் சாமி. ஒத்துக்கிச்சு. இது பெரிய சாமி.”

பட்டறையில் போய்ச் சொன்னேன். ஸ்பிளிண்ட் செய்பவர் இரண்டு கையையும் விரித்தார். “வெறுங்காலுக்கு நான் என்ன மேடம் செய்ய முடியும்? அது உங்க வேலை.”

என் வேலைதான். கூடு இல்லாமல், கல் தரையில், அம்மாவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, குதிகால் பதிய எத்தனை அடி வைப்பாள் என்று எனக்குத் தெரியாது. நேற்று எங்கள் மையத்தின் பின்கட்டில், துணி துவைக்கும் கல் பக்கத்தில் இருக்கும் கருங்கல் தளத்தில் முயன்றோம். இரண்டு அடி. மூன்றாவதில் குதிகால் எழுந்துவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி அதே கல். நீங்கள் நால்வரும் வாருங்கள், செருப்பில்லாமல்.